பவானி ஜமக்காளம்: பெருவிரிப்பிலிருந்து சிறுவிரிப்பு வரை

பவானி ஜமக்காளம் என்பது ஈரோடு மாவட்டம் பவானியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கைத்தறியில் நெய்யப்படும் தரைவிரிப்பு ஆகும். காவிரியும் பவானி ஆறும் கூடும் கூடுதுறையும் சங்கமேசுவரர் கோயிலும் இவ்வூரின் அடையாளங்கள். அவற்றுக்கு அடுத்தபடியாக ஊரின் பெயரைத் தமிழகம் முழுவதும் கொண்டு சென்றது இந்த விரிப்புதான். 1979ஆம் ஆண்டு வரை பவானி பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே ஜமக்காளத்தின் வரலாறு கொங்கு நாட்டு நெசவு வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

ஜமக்காளம் பிறந்தது பெரிய இடங்களுக்காக. இன்று அது கைப்பையாகவும் மேசை விரிப்பாகவும் சிறுத்து வருகிறது. ஒரு மரபுப் பொருளின் அளவைக் குறைக்கும்போது அதன் பட்டைக்கும் கரைக்கும் நெய்பவரின் கூலிக்கும் என்ன நேர்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பயனும்

ஜமக்காளம் என்ற சொல் பேச்சு வழக்கில் சமுக்காளம், சமக்காளம் என்றும் வழங்கும். பாய் ஒருவரோ இருவரோ படுக்க. ஜமக்காளம் பலர் சேர்ந்து உட்கார. திருமண வீடு, சீர், பந்தி, பஜனை, கச்சேரி, ஊர்ப் பஞ்சாயத்து, அரசியல் கூட்டம் என மக்கள் கூடும் இடமெல்லாம் முதலில் விரிக்கப்பட்டது இதுவே. கல்யாணச் சீரில் பாத்திரங்களோடு ஒரு ஜமக்காளமும் வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். மடித்துப் பெட்டிமேல் வைத்தால் இரண்டு தலைமுறைக்கு வரும் என்பார்கள்.

ஒரு பொருளின் அளவை அதன் பயன்தான் நிர்ணயிக்கிறது. பலர் உட்கார வேண்டிய விரிப்பு அகலமாக இருக்க வேண்டும். பலர் மிதிக்கும் விரிப்பு தடிமனாக இருக்க வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தாலும் எடுப்பாகத் தெரிய வண்ணப் பட்டைகள் பெரிதாக இருக்க வேண்டும். ஜமக்காளத்தின் அழகு இந்த மூன்று தேவைகளிலிருந்து பிறந்தது.

தோற்றம்

கொங்கு நாட்டில் நெசவு மிகப் பழைய தொழில். 1800ஆம் ஆண்டில் இப்பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளிவந்த தம் பயண நூலில் இங்குள்ள நெசவாளர்களைப் பற்றியும் குறித்திருக்கிறார். அன்று தறிகளில் நெய்யப்பட்டவை பெரும்பாலும் உடுக்கும் துணிகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இயந்திர ஆலைத் துணிகள் மலிவாக வந்து குவிந்தன. சேலையும் வேட்டியும் நெய்து பிழைத்தவர்கள் நிலைகுலைந்தனர். இந்நிலையில் அந்நூற்றாண்டின் இறுதியில் பவானியில் ஜங்கமர் என்னும் சமூகத்தார் தடித்த வண்ண நூலைக் கொண்டு விரிப்புகளை நெய்யத் தொடங்கினர். அதுவே ஜமக்காளம் எனப்பட்டது. அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, சேலை முதலியவற்றை நெய்துவந்த மற்றவர்களும் விரிப்புக்கு மாறினார்கள்.

இக்காலத்தை வேறு இரண்டு மாற்றங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது சாயம். 1856இல் வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1869இல் செயற்கைச் சிவப்புச் சாயமான அலிசரினும், 1897இல் செயற்கை நீலச் சாயமும் சந்தைக்கு வழி கண்டன. பளிச்சிடும் வண்ண நூல் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு வந்தது இதற்குப் பிறகுதான். இரண்டாவது நூல். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் கோவையில் முதல் பஞ்சாலை தோன்றியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைத் துணி ஒரு புறம் நெசவாளரை நெருக்கியது. மறுபுறம் ஆலைநூல் அவர் தறிக்குத் தீனியாயிற்று.

தறியும் அகலமும்

ஜமக்காளம் குழித்தறியில் நெய்யப்படுகிறது. நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் கால்களை வைத்து மிதிகட்டையை மிதிக்கிறார். நீளவாக்கில் கட்டப்பட்ட நூல் பாவு. குறுக்கே செல்லும் நூல் ஊடை. ஊடை நூலைத் தாரில் சுற்றி நாடாவுக்குள் வைத்து, பாவின் இடையே செலுத்தி, அச்சுப் பலகையால் இறுக்கி அடிப்பது நெசவு.

கையால் நாடாவை வீசி வாங்கும் தறியில் துணியின் அகலம் நெசவாளரின் இரு கைகளும் எட்டும் தொலைவைத் தாண்ட முடியாது. உலகெங்கும் கைத்தறியின் இயற்கை எல்லை இதுவே. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் விசைநாடாவைக் கண்டுபிடித்ததும் இந்த எல்லையைக் கடப்பதற்காகத்தான். அகன்ற ஜமக்காளத்துக்குப் பவானியினர் கண்ட வழி எளிமையானது. இரண்டு நெசவாளர்கள் பக்கத்தில் பக்கமாக உட்கார்ந்து ஒரே விரிப்பை நெய்வார்கள். ஒருவர் செலுத்துவதை மற்றவர் வாங்க வேண்டும். இருவரின் மிதியும் அடியும் ஒன்றாக விழ வேண்டும். கணவனும் மனைவியும், தந்தையும் மகனும் இப்படி இணைந்து நெய்வது உண்டு.

இரு வகை: பட்டையும் கரையும்

பவானி ஜமக்காளத்தில் இரண்டு வகைகள் உள்ளன.

முதலாவது, தடித்த பருத்தி நூலால் நெய்யப்படும் பட்டை ஜமக்காளம். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என வண்ணங்கள் குறுக்கே பட்டை பட்டையாக வரும். ஊடை நூல் நெருக்கமாக அடிக்கப்படுவதால் பாவு உள்ளே மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது ஊடையின் வண்ணமே. நாடாவில் உள்ள நூலை மாற்றினால் பட்டை மாறும். நூல் தடிமனாக இருப்பதால் இதில் பட்டையைத் தவிர நுட்பமான உருவங்களைக் கொண்டுவருவது கடினம்.

இந்தக் குறையைப் போக்க வந்தது இரண்டாவது வகையான பட்டு ஜமக்காளம். பட்டு என்று சொன்னாலும் பயன்படுவது பெரும்பாலும் செயற்கைப் பட்டு நூலே. 1892இல் இங்கிலாந்தில் விஸ்கோஸ் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்ட பிறகு உலகெங்கும் பரவிய நூல் இது. பிற்காலத்தில் பவானி ஆற்றங்கரையிலேயே, சிறுமுகையில், இந்த இழையைத் தயாரிக்கும் ஆலை இயங்கியது. மென்மையான பளபளப்பான இந்நூலால் கரைகளில் பூ, கொடி, பறவை, வைரக் கட்டம் போன்ற உருவங்கள் நெய்ய முடிந்தது. கரை உருவத்தின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி ஊடை நூல் வேண்டும். அதற்கு உரிய பாவு இழைகளை மட்டும் எண்ணி, அந்த இடத்தில் மட்டும் நூலைக் கோத்துத் திருப்ப வேண்டும். ஆகவே நடுப்பகுதி வேகமாக வளரும்; கரைதான் நேரத்தைத் தின்னும்.

விரிப்பு ஏன் சிறுத்தது?

மக்கள் தரையில் உட்காரும் வழக்கம் குறைந்ததே முதற்காரணம். கல்யாண மண்டபங்களில் பந்தி மேசைக்கு ஏறியது. கூட்டங்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. வீடுகளின் கூடத்தைச் சோபாவும் கட்டிலும் அடைத்துக்கொண்டன. பன்னிரண்டு பேர் உட்காரும் விரிப்பை வாங்கினால் விரிப்பதற்கு இடமில்லை. துவைத்துக் காயப்போட மொட்டை மாடியும் இல்லை. மற்றொரு பக்கம், விசைத்தறியில் ஓடிய மலிவான விரிப்புகள் பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே சந்தையில் விற்கப்பட்டன.

ஆனால் வேறு வாங்குவோர் தோன்றினர். யோகாசன விரிப்பு, பூஜையறை ஆசனம், குழந்தை படுக்கும் விரிப்பு, மேசை விரிப்பு, சுவரில் மாட்டும் திரை, தோள்பை எனச் சிறு பொருட்களைக் கேட்டனர். 2025 பிப்ரவரியில் லண்டன் ஃபேஷன் வீக் நிகழ்ச்சியில் வடிவமைப்பாளர் வினோ சுப்ராஜா பவானி ஜமக்காளத்தைக் கொண்டு அமைத்த ஆடைகளையும் பைகளையும் காட்சிக்கு வைத்தார். பவானி நெசவாளர் ஒருவரும் அந்த மேடையில் நடந்தார். தரையில் விரித்தது தோளுக்கு ஏறியது. இங்கேதான் அளவைக் குறைக்கும் கணக்கு தொடங்குகிறது.

அளவைக் குறைக்கும் கணக்கு

9 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள ஒரு விரிப்பை 3 அடிக்கு 2 அடியாகச் சிறிதாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் மூன்றில் ஒரு பங்காகின்றன. பரப்பு 54 சதுர அடியிலிருந்து 6 சதுர அடியாக, அதாவது ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது.

பட்டை ஜமக்காளத்தில் இது எளிது. 9 அங்குலப் பட்டையை 3 அங்குலமாக்க, ஊடை ஓட்டங்களின் எண்ணிக்கையை மூன்றில் ஒன்றாக்கினால் போதும். பட்டைகளின் வரிசையும் விகிதமும் அப்படியே நிற்கும்.

கரையில்தான் சிக்கல். பெரிய விரிப்பில் நான்கு புறமும் 6 அங்குலக் கரை இருப்பதாகக் கொள்வோம். நடுப்பகுதி 8 அடிக்கு 5 அடி, அதாவது 40 சதுர அடி. கரை 14 சதுர அடி. மொத்தத்தில் ஏறத்தாழ 26 விழுக்காடு. அதே 6 அங்குலக் கரையை மாற்றாமல் சிறிய விரிப்பில் வைத்தால் நடுப்பகுதி 2 அடிக்கு 1 அடி மட்டுமே. மீதி 4 சதுர அடியும், அதாவது 67 விழுக்காடும், கரையாகிவிடும். பார்ப்பவருக்குக் கரைக்குள் விரிப்பைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே கரையையும் 2 அங்குலமாக்க வேண்டும். அப்போது பழைய 26 விழுக்காடு திரும்ப வரும்.

ஆனால் நூலின் தடிமன் தானாகக் குறையாது. அங்குலத்துக்குப் பத்துப் பாவு இழை உள்ள ஒரு தறியை எடுத்துக்கொள்வோம். 6 அங்குலக் கரையில் ஏறத்தாழ 60 இழைகள். 2 அங்குலக் கரையில் 20 இழைகள். பெரிய கரையில் ஒரு வைரக் கட்டம் 61 இழை அகலம் என்றால், நடுவில் ஓர் இழையும் இரு பக்கமும் 30 இழைகளும் அமையும். படிக்கு மூன்று இழையாக ஒவ்வொரு பக்கமும் பத்துப் படிகள் ஏறும். இதைச் சிறிதாக்கினால் 21 இழை வரும்; நடுவில் ஒன்று, பக்கத்துக்குப் பத்து. பத்துப் படியும் வேண்டுமென்றால் படிக்கு ஓர் இழைதான் கிடைக்கும். ஓர் இழையை மட்டும் சுற்றி ஊடையைத் திருப்பினால் அந்த இடம் பலமில்லாமல் போகும். எனவே படிக்கு இரண்டு இழையாக ஐந்து படிகள் வைப்பதே தகும். படிகள் பாதியாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது வைரமாகவே தெரியும். ஆனால் கிளி மூக்கும் மயில் கழுத்தும் அப்படியல்ல. பெரிய கரையில் நான்கு இழையில் நின்ற மூக்கு, சிறிய கரையில் ஓர் இழையும் மூன்றில் ஒரு பங்கு இழையும் கேட்கும். மூன்றில் ஒரு பங்கு இழை என்று தறியில் ஒன்று இல்லை. கிளி மூக்கில்லாத கிளியாகும். அல்லது மூக்கு முகத்தைவிடப் பெரிதாகும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, நூலை மெல்லியதாக்குவது. பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பதைக் குறிக்கும். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். ஆனால் தடிமன் பாதியாக வேண்டுமானால் நம்பர் இரண்டு மடங்கு ஆனால் போதாது. நான்கு மடங்காக வேண்டும். 10ஆம் நம்பர் நூலின் பாதித் தடிமனை 40ஆம் நம்பர்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு தடிமனுக்கு 90ஆம் நம்பர் வேண்டும். அது மெல்லிய வேட்டிக்குரிய நூல். கரை அச்சாகப் பழையபடி வரும். ஆனால் கையில் இருப்பது ஜமக்காளமாக இராது. பாவு நெருக்கத்துக்கு ஏற்ப அச்சும் விழுதும் மாற வேண்டும். ஓர் அங்குலத்துக்கு அடிக்கும் ஊடையும் மும்மடங்காகும்.

இரண்டாம் வழி, உருவத்தைப் புதிதாக எளிமைப்படுத்துவது. வெளிக்கோடுகளை விட்டுவிட்டு முக்கிய வடிவத்தை மட்டும் குறைந்த படிகளில் அமைப்பது இது. பழைய உருவத்தைச் சுருக்குவதல்ல, அதன் சாரத்தை மீண்டும் வரைவது. கட்டம் போட்ட தாளும் தறிப்பழக்கமும் சேர்ந்தவரால்தான் இது முடியும்.

மூன்றாம் வழி, சிலவற்றை விடுத்துச் சிலவற்றை வைத்துக்கொள்வது. மூன்று வரிக் கரையில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது நீளத்துக்குள் உருவம் முழுமையாக அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 3 அடி விரிப்பில் இரு முனைக்கும் 2 அங்குலம் போக 32 அங்குலம் மிஞ்சும். 4 அங்குல உருவம் சரியாக எட்டு முறை வரும். 5 அங்குல உருவம் ஆறு முறை வந்து 2 அங்குலம் மீதி நிற்கும். அந்த மீதியை இடைவெளிகளில் பகிர்ந்து வைக்காவிட்டால் கடைசிப் பூ பாதியில் அறுந்துபோகும்.

பிற மரபுகளில் இதே கேள்வி

அளவைக் குறைப்பது பவானியின் பிரச்சினை மட்டுமல்ல. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழைய துணித் துண்டுகளை ஒட்டித் தைக்கும் கவந்தி என்னும் போர்வையில், வேலை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் செல்கிறது. மூலைகளில் பூலா என்னும் மடிப்புத் துண்டை வைத்து முடிப்பார்கள். குழந்தைக்கான கவந்தியும் பெரியவர்களுக்கான கவந்தியும் ஒரே முறையில் அமையும். வெட்டும் துண்டின் அளவும் சுற்றின் எண்ணிக்கையும்தான் வேறுபடும். கத்தரிக்கோல் வேண்டிய அளவில் வெட்டும். தறிக்கு அந்தச் சலுகை இல்லை.

நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகச் செய்யும் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்கள் படம் வரைந்து தைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணித் தைக்கிறார்கள். போர்வைக்குரிய பூவைச் சிறிய பைக்குக் கொண்டுவர வேண்டுமானால், நெருக்கமான இழையுள்ள துணி தேவை. இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பவானி நெசவாளரின் முதலிரண்டு வழிகளும் இங்கே அப்படியே தெரிகின்றன.

தமிழ் நெசவுக்குள்ளேயே ஒரு பழைய முன்மாதிரி உண்டு. சிறுமிகளுக்கென்று நெய்யப்பட்ட சிற்றாடை, பெரிய சேலையை வெட்டியது அல்ல. நீளமும் அகலமும் குறைத்துத் தனியாக நெய்தது. சிறிய உடலுக்குச் சிறிய கரை வேண்டும் என்பதை நம் நெசவாளர்கள் என்றோ அறிந்திருந்தார்கள்.

சட்டப் பாதுகாப்பு

1985ஆம் ஆண்டின் கைத்தறிப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டும் உரியவையாக ஒதுக்கியது. தொடக்கத்தில் 22ஆக இருந்த வகைகள் பின்னர் 11ஆகக் குறைக்கப்பட்டன. அந்தப் பதினொன்றில் ஜமக்காளம் இடம்பெற்றுள்ளது. ஆகவே சட்டத்தில் குறித்த வகை ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்வது குற்றம்.

இரண்டாவது பாதுகாப்பு புவிசார் குறியீடு. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ், 2005–06ஆம் ஆண்டில் பவானி ஜமக்காளம் பதிவு பெற்றது. இந்தப் பதிவு பெயரைக் காக்கிறது. விரிப்பு சிறிதாகிப் பையாகவும் திரையாகவும் மாறும்போது, அது பவானித் தறியில் கையால் நெய்ததா, பவானி போலத் தோன்றும் துணியா என்பதை வாங்குவோரும் கேட்டறிய வேண்டும். பெயர் பெரிதாக இருக்கும் இடத்தில் போலி எளிதாக நுழையும்.

கூலியின் கணக்கு

அளவைக் குறைக்கும் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது நெசவாளரின் நேரம். 54 சதுர அடி விரிப்பு ஒன்றுக்குப் பதிலாக 6 சதுர அடி விரிப்பு ஒன்பது நெய்தால் பரப்பு சமம். ஆனால் பெரிய விரிப்பின் சுற்றளவு 30 அடி. ஒன்பது சிறு விரிப்புகளின் சுற்றளவு 90 அடி. பெரிய விரிப்பின் இரு முனைகளிலும் சேர்த்து 12 அடிக்குக் குஞ்சம் முடிய வேண்டும். சிறியவற்றுக்கு 36 அடிக்கு முடிய வேண்டும். கரை அகலத்தைக் குறைத்தாலும், உருவம் தொடங்கி முடியும் இடங்கள் பெருகும். தாரில் வண்ணம் மாற்றும் வேலையும் பெருகும்.

கைத்தறியில் கூலி நாளுக்கல்ல, நெய்த துணிக்கே. எனவே சதுர அடிக் கணக்கில் கூலியைச் சிறு விரிப்புக்கும் அப்படியே வைத்தால், அதே பணத்துக்கு நெசவாளர் கூடுதல் நேரம் உழைக்கிறார். வாங்குபவரோ "இத்துனூண்டு துணிக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்கிறார். அவர் பரப்பைப் பார்க்கிறார். நெசவாளர் ஓரத்தைப் பார்க்கிறார். நியாயமான கூலி ஓரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். இல்லையென்றால் சிறு பொருட்களால் பெயர் வாழும், தறி நின்றுவிடும். பவானியில் இளையவர்கள் வேறு வேலை தேடிச் செல்வதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு

விகிதம், பரப்பு, சுற்றளவு, வர்க்கமூலம் ஆகிய பாடங்களுக்கு வீட்டிலுள்ள ஒரு ஜமக்காளமே நல்ல கருவி. அதை விரித்து, ஓர் அங்குலத்தில் எத்தனை ஊடை வருகிறது, கரை மொத்தத்தில் எத்தனை விழுக்காடு, உருவம் நீளத்தில் எத்தனை முறை வருகிறது என எண்ணிப் பாருங்கள். பிறகு கட்டம் போட்ட தாளில் அந்த உருவத்தைப் பாதி அளவில் வரைந்து பாருங்கள். எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது என்று கை தயங்கும். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் அந்த முடிவை ஒவ்வொரு சிறு விரிப்பிலும் எடுக்கிறார்.

ஆலைத் துணி வந்து நெருக்கியபோது சேலையை விட்டு விரிப்புக்கு மாறி இத்தொழில் பிழைத்தது. இன்று விரிப்பிலிருந்து சிறு பொருளுக்கு மாறுகிறது. முதல் மாற்றத்தில் துணி பெரிதானது, இரண்டாவதில் சிறிதாகிறது. பிழைத்தது இரு முறையும் கையின் கணக்கால்தான். அந்தக் கைக்குரிய கூலி சிறுக்காமல் இருந்தால், விரிப்பு எவ்வளவு சிறுத்தாலும் அது பவானி ஜமக்காளமாகவே இருக்கும்.